கிடைக்காத திருத்தணிக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

இன்று திருப்பதி சபையில் ஆராதனை முடியும் நேரத்தில் போதகர் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கையை அறிவித்தார். யாரோ ஒரு அம்மாளின் மகனுக்கு வேலை கிடைத்ததாம். கொண்டை நிறையக் கனகாம்பரத்தோடு அந்த அம்மாள் முன்பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே நல்ல வேலைதானா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் புத்தி உனக்குத் தெரியாததா? அடுத்த நொடியே உன் நினைவு வந்தது.

குடிபாலாவில் நாம் ஒரே பள்ளிக்கூடம். நீ தமிழ் டீச்சர், நான் தையல் டீச்சர். எனக்கு எந்த ராஜ்யமானாலும் ஊசி ஒன்றுதான். உனக்கு அப்படியில்லை. ஆந்திரா பிரிந்த பிறகு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். திருத்தணிப் பக்கம் மாற்றல் வாங்கிப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும் என்பதே உன் கனவு. எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. குடிபாலா ஆந்திராவிலேயே நின்றது. வேறு ராஜ்யமென்று உன் மாற்றல் மனு திரும்பி வந்தது. தமிழ் வகுப்பையும் மூடி, ஒன்றாம் வகுப்புக்குத் தெலுங்கு எழுத்துச் சொல்லித்தர உன்னை அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ காணிக்கைக் கவரைப் போட்டாய். நம் சபையில் ஏதாவது கிடைத்தால்தானே ஸ்தோத்திரம் போடுவார்கள்? போதகரும் அப்படியே நினைத்துவிட்டார். "நம்ம டீச்சருக்குத் திருத்தணிக்கு மாற்றல் கெடச்சிருக்குது" என்று அறிவித்ததும் சபையே உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நீ நிம்மதியான முகத்தோடு எழுந்து நின்றாய்.

"கெடைக்கலீங்க ஐயா. கெடைக்காததுக்குத்தான் போட்டேன்."

அவர் அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

நான் நம்பவில்லை. நடிக்கிறாள் என்று வீட்டில் சொன்னேன். "உனுக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு?" என்றார் என் வீட்டுக்காரர். வம்பு இல்லை. அந்த வருஷம்தான் வேலூர் டாக்டரம்மா, இனிமேல் எனக்குக் குழந்தை இல்லையென்று கையை விரித்திருந்தார். உன் நிம்மதி நிஜமென்றால் எனக்கும் ஒரு வழி உண்டு. பொய்யென்றால் எனக்குப் போக்கிடமே இல்லை. அதனால் உன்னை உளவு பார்த்தேன். வகுப்பு ஜன்னலோரம் நின்று, நீ சிரிக்கிறாயா, சிரிப்பதுபோலக் காட்டுகிறாயா என்று கவனித்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் உன் வீட்டுக்குள் நுழைந்தேன். முழங்காலில் நின்று, கட்டிலில் முகம் புதைத்து, நீ ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று மனம் துள்ளியது. உடனே பயமும் வந்தது.

"அப்போ அன்னிக்குக் கோயில்ல சொன்னது பொய்தானா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்தாய். "இன்னாமே பொய்? திருத்தணிக்குப் போவணும்னு இன்னும் ஆசையாத்தான் கீது. அத்தத்தான் கர்த்தருகிட்ட சொல்லி அழுதுகினு இருக்கேன். வேற யாருகிட்ட போய் அழுவுறது?"

"அப்போ ஸ்தோத்திரம் இன்னாத்துக்கு?"

"கேட்டதக் குடுக்கல. ஆனா என்னிய வுட்டுட்டுப் போவல. அதுக்கு." எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாய். "அழுது முடிச்சா நல்லாப் பசிக்குது. வா, துன்னலாம்."

களியும் கீரைக் கடைசலும். நீ இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு தின்பதை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். நடிக்கிறவர்களுக்குச் சோறு அப்படி இறங்காது.

நீ கடைசிவரை தெலுங்கு எழுத்தே சொல்லிக்கொடுத்தாய். எனக்கும் பிள்ளை பிறக்கவில்லை. கர்த்தர்மேல் எனக்கு இன்னும் கோபமுண்டு, சந்தேகமுமுண்டு. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்தத் திருச்சானூர் ரோட்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அதையெல்லாம் கர்த்தரிடமே சொல்லுகிறேன். அவர் பதில் சொன்னதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் என்னால் சந்தேகிக்க முடியவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றும் அவரிடம்தான் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. வெட்கமாக இருந்தது. தட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, தின்றேன்.