வயரைப் பிடுங்கியவள்

பூம்பாறை,
9.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? என் போனை விசாரணைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலை துணைமின் நிலையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடாமலே அம்புக்குறி நகர்ந்தது. மன்னவனூர் லைன் அணைந்தது. அடுத்தது பூம்பாறை. ஆஸ்பத்திரி லைன் பக்கம் போனதும் இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன். பிறகு நானும் லைன்மேன் இருளப்பன் அண்ணனும் கொட்டுகிற மழையில் ஒவ்வொரு சுவிட்சாகக் கையால் போட்டோம். கரண்ட் வரச் சாயங்காலமாகிவிட்டது.

அதற்குப் பரிசு சஸ்பெண்ட். நான் வயரைப் பிடுங்கியதால்தான் ஊர் இருண்டதாம். வயிறு எரிகிறது. எங்கள் கணினிகளைப் பராமரிக்கிற உங்கள் கம்பெனி ஆட்கள் மலையேறச் சோம்பல்பட்டு, சென்னையிலிருந்தே அவற்றுக்குள் வர வைத்திருந்த வழியில்தான் எவனோ நுழைந்திருக்கிறான். எல்லா நிலையத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு! மூடுங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை தலைபாடாக அடித்துக்கொண்டேன். கம்பெனி அறிக்கையிலாவது உண்மையை எழுதுங்கள்.

உங்கள்
ஜெயப்பிரியா

சென்னை,
13.10.2025

அன்புள்ள ப்ரியா,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு என் முத்தங்கள். ஸ்வெட்டர் போடாமல் பள்ளிக்கு அனுப்பாதே.

அறிக்கை போய்விட்டது. வெளியாள் நுழைந்தான் என்று எழுதினால் கம்பெனிக்கு ஒப்பந்தமே போய்விடும். என் வேலையும் போகும். அதனால் 'ஊழியரின் அவசரம்' என்று எழுதியிருக்கிறோம். பொறுப்பாளன் நான் என்பதால் கையெழுத்து என்னுடையது. உன் பெயரைப் போடவில்லை. பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, எச்சரித்து விட்டுவிடுவார்கள். அந்த வழியை மெதுவாக மூடிக்கொள்ளலாம். தீபாவளிக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.

அன்புடன்
ராஜமுருகன்

பூம்பாறை,
17.10.2025

ராஜமுருகன் அவர்களுக்கு,

உங்கள் பெயரை இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். எழுத வைத்துவிட்டீர்கள்.

என் பெயரைப் போடவில்லையாம். அன்றைக்கு அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? பால் வாங்கப் போனால், "ஏம்மா, நீதான் கரண்டப் புடுங்கிவிட்டியாமே" என்று கேட்கிறார்கள். மெதுவாக மூடுவீர்களா? அதற்குள் அவன் திரும்பி வந்து பிரசவ அறையை இருட்டாக்கினால் அதற்கும் ஊழியரின் அவசரம் என்று கையெழுத்துப் போடுவீர்களா? கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

நேற்று விசாரணை. ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை. அதிகாரியின் கணினியிலேயே அந்த வழியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதே பழைய பாஸ்வேர்டு. உடனே திறந்துகொண்டது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதே அதை மூட உத்தரவு போட்டுவிட்டு, உங்கள் அறிக்கையை என் பக்கம் திருப்பினார்.

"இதுல கையெழுத்துப் போட்டவர ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்னுதாங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

உங்களையும் விசாரிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். தீபாவளிக்கு வர வேண்டாம். அவர்கள் கூப்பிடுகிற அன்றைக்கு வாருங்கள்.

ஜெயப்பிரியா