சூடம் அணைக்காத மூக்கையா

ஜூன் 3, 2024
பதினோராம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது நான் எழுதும் நாவல். துப்பறியும் கதை என்று பெயர். உண்மையில் 1990இல் இலங்கை மலையகத்தில், கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததுதான். தொழிற்சங்கம் இரண்டாக உடைந்த வாரம் அம்மன் சிலை காணாமற்போனது. திருவிழாவை எந்தச் சங்கம் நடத்துகிறதோ, தோட்டம் அந்தப் பக்கம்தான் சாயும். ஆண்கள் எல்லோரும் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மூக்கையா மட்டும் மறுத்தார். அவர்தான் எடுத்தார் என்று தோட்டத்தைவிட்டே துரத்தினோம்.

துரத்தினோம் — நானும்தான். பத்து வயது. "சாமி திருடன்" என்று பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன்.

ஜூன் 9
எழுதியதை அப்பாவுக்கு வாசித்தேன். பார்வை மங்கிய பிறகு இது வழக்கம். சங்கத்துக்கும் கோயிலுக்கும் தலைவராக இருந்தவர், ஒரு பிழை விடமாட்டார். இன்று எதையும் திருத்தவில்லை.

"மூக்கையாவுக்கு வேற பேரு போடும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 12
பேராதனையில் யாரோ தலையில் பெட்டி சுமந்து போனார். அன்று மூக்கையா ட்ரங்குப் பெட்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாரே — அந்தப் பார்வையில் ஏன் கோபமே இல்லை?

ஜூன் 21, போயா (பௌர்ணமி) விடுமுறை
மூக்கையாவைத் தேடி, அவர் குடியேறிய வத்தேகம ஊருக்குப் போனேன். மூக்கையா இறந்து ஆறு வருடமாம். மனைவி வேலாயி இருக்கிறார். நாவலுக்காக என்று சொல்லவே கூசியது.

"எழுது, எழுது. நீ கத்துனதயும் எழுது" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் எடுக்கலன்னு மட்டுமா சத்தியம்? யாரு எடுத்தான்னும் தெரியாதுன்னு சொல்லணும்ல. அவருக்குத் தெரியுமே. பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டாரு. வேல வாங்கித் தந்த மனுசனக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல."

எந்த மனுசன் என்று கேட்டேன்.

"ஒங்கப்பாதான், புள்ள. சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனத இவரு பாத்தாரு."

சூடத்தை முதல் ஆளாக அணைத்தவர் அப்பாதான்.

ஜூன் 22
எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 30
கடைசி அத்தியாயத்தை அப்பாவுக்கு வாசித்தேன். சிலையை எடுத்தவர் தலைவர் என்றே எழுதியிருந்தேன். மூக்கையாவின் பெயரையும் மாற்றவில்லை.

"ஆத்துலதான் போட்டேன்" என்றார். மற்றச் சங்கம் திருவிழா நடத்திவிடக்கூடாது என்பதற்காகவாம். பிறகு, "அவன் வாயத் தொறந்துருவான்னு தெனம் பயந்தேன். கடைசிவரைக்கும் தொறக்கல."

எனக்கு அழுகைகூட வரவில்லை. பொய்யாகச் சூடம் அணைத்த இந்தக் கையாலா எனக்குச் சாப்பாடு ஊட்டினார்?

ஜூலை 7
வேலாயியைப் பார்க்கவேண்டும் என்று அப்பாவே கேட்டார். கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி வத்தேகமவுக்குக் கூட்டிப்போனேன். வேலாயி வாசலில் கதிரையைப் போட்டு, "ஒக்காருங்க தலைவரே" என்றார்.

அப்பா உட்காரவில்லை.