செகண்டு வரைக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுறேன். இங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் பிள்ளை குண்டு ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறான், ரெண்டாவது பல்லும் ஆடுது, நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டுறான். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு.

என் கையெழுத்தப் பாத்து இது யாரு கோழி கிறுக்கினதுன்னு நினைப்ப. பேனா புடிச்சு வருஷமாச்சு. இத மூணு தடவ போன்ல டைப் பண்ணேன், மூணு தடவையும் அழிச்சேன். அதுல அனுப்பின பிறகும் அழிக்கலாம் இல்லயா, அதான் வினை. கூரியர் ஆபீஸ்ல குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. நாலு நாள்ல உன் கைக்கு வந்துடும்னு சொன்னாங்க. நின்னுக்கிட்டே படிக்காத, உக்காந்துக்கோ.

அந்தப் பதிவப் போட்டது மாமா இல்ல. நான்.

உன் வீட்டுக்காரர்னு சொன்னாலே இப்ப உனக்குப் பிடிக்காது. எனக்கு அவர் மாமாதான், வேற எப்படி எழுதுறதுன்னு தெரியல. உனக்குத் தெரிஞ்சதையும் சேத்து வரிசையா எழுதுறேன், ஏன்னா இத வக்கீலம்மாவும் படிக்க வேண்டி வரலாம்.

நீ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் பத்து மாசம். உலகத்துல எவனுக்கு என்ன வேணும்னாலும் உங்க கம்பெனி வெப்சைட்டுலதான் தேடுறான். அங்க நீ புதுசா வரப்போறத சோதனை பண்ற பிரிவுல இருந்த. பிள்ளை எங்ககிட்ட. நீ அவன தினம் பாக்கணும்னு நான் நெட்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சு, நாளுக்கு ஒரு படம் போட்டுட்டு வந்தேன். பாஸ்வேர்டு நாலே பேருக்குத் தெரியும். நீ, நான், அம்மா, மாமா. அந்தப் பக்கத்துக்கு யாரு வந்தாலும் பின்னால ஒரு வரி விழும். எத்தன மணிக்கு வந்தாங்க, எந்த ஊரு, அவங்க மெஷின்ல ஓடுறது என்ன சிஸ்டம், எல்லாம் அதுல இருக்கும். அதத் திறந்து பாக்க எனக்கு மட்டும்தான் தெரியும். மாமா மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கறதால அவரால முடியும்னு நீ நினைச்சுட்ட. அவருக்கு ஸ்கிரீன் மாத்தத் தெரியும், பேட்டரி மாத்தத் தெரியும். இது தெரியாது.

நெட்ல நான் எந்த ஃபோரத்துல குடியிருக்கேன்னு உனக்குத் தெரியும். சோறு வேணாம், அது போதும் எனக்குன்னு நீயே திட்டியிருக்க. ரெண்டு வருஷமா அங்க ஒரே சண்டை, உங்க கம்பெனி சொந்தமா ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டு வருதா இல்லையான்னு. இலவசமா கிடைக்கற லினக்ஸ எடுத்து மேல பெயிண்ட் அடிச்சுக் குடுப்பாங்கன்னு ஒரு கட்சி. மெஷின்ல பிரவுசரத் தவிர ஒண்ணுமே இருக்காது, மிச்சமெல்லாம் அவங்க சர்வர்லயே கிடக்கும்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. பட்டனத் தட்டி அஞ்சு எண்ணறதுக்குள்ள ரெடியாகும், பழைய ஓட்ட கம்ப்யூட்டர்லயும் ஓடும், காசில்லாதவனுக்கும் கிடைக்கும்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். அங்க மூத்தவர் ஒருத்தர் இருக்காரு, பெருசுன்னுதான் கூப்பிடுவோம். நான் எத எழுதினாலும் கீழ ஒத்த வார்த்தைதான் போடுவாரு. ஆதாரம்? நூறு பேர் வந்து சிரிப்பாங்க. ரெண்டு வருஷம் அக்கா.

அன்னிக்கு வியாழக்கிழமை, குண்டுக்கு முதல் பல்லு விழுந்துச்சு. உடனே பாரு, இப்பவே பாருன்னு உன்ன நச்சரிச்சதும் நான்தான். நீ காபி குடிக்க வெளிய வந்தப்போ என் மெசேஜப் பாத்திருக்க. படம் திறக்கறதுக்குள்ள உள்ள கூப்பிட்டுட்டாங்க. அந்த அறைக்குள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாது. அதனால முன்னால இருந்த சோதனை மெஷின்லயே திறந்துட்ட. பிள்ளையோட பல்லு, ஒரு நிமிஷம், வீட்டு ஆளுங்க நாலு பேர் பாக்கற பக்கம். இதுல என்ன ஆயிடப் போகுதுன்னு யாருமே நினைப்பாங்க.

வரி விழுந்துச்சு. அதுல சிஸ்டம்கற இடத்துல வழக்கமான பேரு இல்ல. ஏதோ பறவையோட பேரு, பக்கத்துல பூஜ்யம் புள்ளி மூணு. வெளிய எவனும் பாக்காத பேரு. வெக்கமா இருக்கு, இப்ப எழுதும்போதுகூட கை பரபரங்குது. அன்னிக்கு ரூமுக்குள்ளயே குதிச்சேன். குண்டு எதுக்குன்னு தெரியாம கூடவே குதிச்சான், பொக்க வாயத் திறந்துக்கிட்டு.

அது நீதான்னு எனக்குத் தெரியும். தெரியாம பண்ணேன்னு சொல்ல மாட்டேன். அந்த வரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோரத்துல போட்டேன். போடறதுக்கு முன்னால நம்ம பக்கத்தோட பேருக்குக் கறுப்படிச்சேன், படத்தோட பேருக்குக் கறுப்படிச்சேன், ஊருக்கும் அடிச்சேன். நேரத்த மட்டும் விட்டேன், செகண்டு வரைக்கும். மறந்துபோய் இல்ல. அதையும் மறைச்சா பெருசு இது வரைஞ்ச படம்னு சொல்லிடுவாரு. அந்த ஒரு ஆளு வாயடைக்கணும், எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள நாப்பதாயிரம் பேரு பாத்தாங்க. பெருசு முதல் தடவையா கேள்விக்குறி இல்லாம எழுதினாரு, சபாஷ்னு. செய்தி போடுற தளமெல்லாம் எடுத்துப் போட்டுச்சு. உங்க கம்பெனி அப்படி ஒண்ணும் இல்லன்னு அறிக்கை விட்டுச்சு, நான் அதுக்கும் சிரிச்சேன். அந்தச் செகண்டுல அவங்க கட்டடத்துலருந்து எந்த மெஷின் வெளி நெட்டுக்குப் போச்சுன்னு பாக்க அவங்களுக்கு எத்தன நேரம் ஆகியிருக்கும்? திங்கக்கிழமை உன் ஆபீஸ் அட்டை வாசல் கதவத் திறக்கல. உன் பொருளெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில வெளிய வந்துச்சு. பதிவ அப்பவே அழிச்சேன். ஊரெல்லாம் நகல் எடுத்து வெச்சிருக்கு.

அன்னிக்கு நீ போன் பண்ணி என்கிட்டதான் முதல்ல கேட்ட. நம்ம பக்கத்துலருந்துதான் போயிருக்கு, நீ யாருக்காவது காட்டினியான்னு. நான் இல்லன்னேன். அடுத்ததா, அப்ப அவரான்னு கேட்ட. நான் ஒண்ணும் சொல்லல. நீ கிளம்பறதுக்கு முன்னால நடந்த சண்டையில உன் வேலைய ஒரே நாள்ல காலி பண்ணுவேன்னு மாமா கத்தினது நம்ம எல்லார் காதுலயும் இருக்கு. நான் சும்மா இருந்ததே போதுமா இருந்துச்சு.

அப்புறம் நீ யார் போனையும் எடுக்கறதில்ல. வக்கீலம்மாகிட்ட மட்டும் பேசுற போல. அவர் பிள்ளையப் பாக்கவே கூடாதுன்னு கோர்ட்டுல குடுக்கற பேப்பர்ல, என் வேலைய வேணும்னே கெடுத்தவர்னு ஒரு வரி இருக்குன்னு வக்கீலம்மா சொன்னதா அம்மா சொன்னாங்க. பதினெட்டாம் தேதிக்குள்ள உன் கையெழுத்து வரணுமாம்.

போன ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மாமா வழக்கம்போல வந்தாரு, கையில கலர் பென்சில் டப்பா. அம்மா கதவத் திறக்கல. குண்டு ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, அப்பா பெல் அடிக்குதுன்னு அம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கிட்டே இருந்தான், அவங்களுக்குக் காது கேக்கலன்னு நினைச்சு. நான் பின் பக்கமா போய் டப்பாவ வாங்கிக்கிட்டேன். மாமா என்னத் திட்டுவாருன்னு நினைச்சேன்.

"போட்டது நான் இல்லன்னு எப்படிக் காட்டறதுன்னு எனக்குத் தெரியல, வாண்டு. நீ இதெல்லாம் தெரிஞ்ச பொண்ணு. யாருன்னு கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்குமா?"

பாக்கறேன் மாமான்னு சொன்னேன். அப்படியே சொன்னேன் அக்கா. அவர் தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனாரு.

ஃபோரத்துல இப்ப அதப் பத்தி யாரும் பேசறதே இல்ல. அடுத்து வரப்போற ஏதோ போன்ல எத்தன கேமரான்னு அடிச்சுக்கறாங்க. பெருசு அங்கயும் ஆதாரம் கேக்கறாரு.

ஜூன்ல உன்கிட்ட வரேன்னு குண்டு தன் ஷூவ ஸ்கூல் பையில எடுத்து வெச்சிருக்கான். இனி அது நடக்காதுன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல. தினமும் ஷூவோடயே பையத் தூக்கிட்டுப் போறான், நானும் எடுத்து வெளிய வைக்கல.

அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாத, அக்கா. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல மிச்சம் என்ன இருக்கோ, அதுல நான் வாயத் திறக்க மாட்டேன். இது மட்டும் அவரோடது இல்ல, என்னோடது. இந்தக் கடிதத்த ரெண்டு தடவ எழுதியிருக்கேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ கையெழுத்து போட்டிருக்கேன். ஒண்ணு உனக்கு. இன்னொண்ண இந்த ஞாயித்துக்கிழமை, அம்மா கண்ணு முன்னாலயே கதவத் திறந்து மாமா கையில குடுக்கப் போறேன். அவர் அத எங்க காட்டினாலும் சரி.

விசா போறதுக்குள்ள வேற வேலை தேடிக்க உனக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்குன்னு உன் ரூம்ல இருக்கறவங்க சொன்னாங்க. நீ சாப்பிடறதே இல்லன்னும் சொன்னாங்க. சாப்பிடு. உனக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும். கிடைக்கலன்னா இங்க வா, நான் உன் கண்ணுல படாம வேணாலும் இருந்துக்கறேன்.

இது கூரியர்ல போனதும் அம்மாகிட்ட சொல்லிடுவேன். மொதல்ல அடிப்பாங்க, அப்புறம் எனக்காக உன்கிட்ட கெஞ்சுவாங்க, சின்னப் பொண்ணு தெரியாம பண்ணிட்டான்னு. அதுக்காக என்ன மன்னிக்காத. ஆனா போன எடு.

இப்படிக்கு,
அந்தப் பதிவப் போட்ட உன் தங்கச்சி,
வாண்டு