பதினொரு மணிக் கையெழுத்து

அன்புள்ள அப்பா,

பாகூரில் மழை விட்டதா? கரும்பு சாயாமல் நிற்கிறதா?

தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி விசாரிப்பதுதான் என் வேலை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறீர்கள். இந்த முறை வந்தது மடுகரை அருள்தாசின் கொலை வழக்கு. பதினெட்டு வருடமாகச் சிறையில் இருக்கிறார். அவர் காட்டிய இடத்தில் போலீஸ் கத்தியை எடுத்ததை நேரில் பார்த்ததாக உங்கள் கையெழுத்து இருக்கிறது. காலை பதினொரு மணி. தேதி, என் மஞ்சள் நீராட்டு நாள்.

"ஏட்டு ஒரு வாரம் கழிச்சி வூட்டாண்ட வந்து கேட்டாரு, போட்டேன். எல்லாரும் போடறதுதானம்மா, இன்னா இப்போ?" என்றீர்கள் போனில். வார்த்தை தடித்துவிடும் என்று வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நீங்கள் மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். விழா ஆல்பத்தில், பதினொரு மணி காட்டும் சுவர்க்கடிகாரமும் படத்தில் சேர்ந்து விழுந்திருக்கிறது.

வழக்கிலிருந்து நான் விலகிவிட்டேன். திங்கட்கிழமை ஆல்பத்தை சீனியரிடம் கொடுக்கப்போகிறேன். அதற்குள் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள். துணைக்கு நான் இருக்கிறேன்.

அருள்தாசின் மகளைப் பார்த்தேன். அவளும் தன் விழா ஆல்பத்தைக் காட்டினாள். ஒவ்வொரு படத்திலும் அவள் பக்கத்தில் சித்தப்பாதான் உட்கார்ந்திருக்கிறார்.

என்றும்
உங்கள் மகள்