சந்தை நாளில் கேட்ட கருத்து

கோடைக்கானல்
16-6-1964

அன்புள்ள அத்தாவுக்கு, மகன் இப்ராம்சா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் கம்பெனி, மலைக்குக் கீழே வில்பட்டி கிராமத்து ஊற்றுக்கு மேலே, பூமிக்கடியில் எரிவாயுத் தொட்டிகளைப் புதைக்கப் போகிறது. அதற்கு ஊராரின் கருத்தைக் கேட்க ஞாயிறு காலை அங்கே கூட்டம் போட்டார்கள். ஞாயிறு கோடைக்கானலில் சந்தை. ஊரே காய்கறி மூட்டையோடு மேலே போய்விட்டது. தெரிந்தேதான் அந்த நாளை வைத்தார்களோ என்னவோ! காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு மேனேஜர், "ஆட்சேபணை இல்லைன்னு எழுதுப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டோடு சந்தைக்கே போய்விட்டேன்.

பீன்ஸ் விற்றுக்கொண்டிருந்த வடிவு அக்கா தராசைக் கீழே வைத்தார். "நாங்க குடிக்கிற தண்ணிங்க அது. தொட்டி ஒழுகினா எங்கிட்டுப் போறது? வெரசா எழுதுங்க!" என்று முதல் கைநாட்டை வைத்தார். அவருக்குப் பின்னால் அறுபத்திரண்டு பேர்.

தாளைக் கிழிக்கச் சொன்னார் மேனேஜர். "கலெக்டருக்குத் தபால்ல போட்டாச்சு சார்" என்றேன்.

கவலை வேண்டாம், வேலை இன்னும் போகவில்லை. ஆபீசில் யாரும் என்னோடு டீ குடிக்க வருவதில்லை, அவ்வளவுதான். அம்மா இடித்த சுக்குப்பொடி கொஞ்சமும், என் பழைய போர்வையும் அனுப்புங்கள்.

தபால்காரர் காத்திருக்கிறார். நான் தங்கியிருந்த கம்பெனி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி விலாசம்: வடிவு அக்கா வீடு, ஊற்றுக்குப் பக்கம், வில்பட்டி.

இப்ராம்சா