ஜாய்பேட் கடைசி இதழ், ஆம்பூர் பதிப்பு

3-5-2004, திங்கள்

ஜாய்பேட் வந்துவிட்டது. எட்டுக் காப்பி. வீடியோ கேம் எப்படி ஆடுவது என்று இங்கிலீஷில் நூறு பக்கம் எழுதி, அட்டையில் ஒரு சிடியை ஒட்டி, பம்பாயிலிருந்து மாசாமாசம் அனுப்புகிறார்கள். விளையாடுவதற்கும் படிக்க வேண்டும் என்றால் மனுஷன் எப்போதுதான் சும்மா இருப்பான்? நல்ல வேளை, நான் அஞ்சாங்கிளாஸோடு தப்பித்து வந்தவன்.

ஒரு காலத்தில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என் பேப்பர் கடைக்கு மட்டும் அறுபது இறங்கும். பதினோரு மணிக்குள் காலி. இப்போது எட்டில் மூன்று போனால் அதிசயம். பாக்கி ஆட்கள் வருகிறார்கள், அட்டையைத் தடவுகிறார்கள், "அந்தக் காலத்துல இன்னாமா வரும் தெரியுமா எலியாஸ் அண்ணே" என்று பெருமூச்சு விடுகிறார்கள், போய்விடுகிறார்கள். பெருமூச்சை எடைக்குப் போட முடிந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்.

டைட்டஸ் மட்டும் ஒரு மாசம் விட்டதில்லை. ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர், முப்பத்து நாலு வயசு, பெரிய மீசை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் என் கடையில்தான் படிப்பு. இன்று ஒரு பக்கத்தைப் பிரித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். அவன் எழுதினதே அச்சாகியிருக்கிறது! தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பின்னால் ஜியாவுதீன் நடத்தின வீடியோ கேம் பார்லரைப் பற்றியாம். பக்கத்து மூலையில் மீசையோடு போட்டோ.

"பெரிப்பா, இது முதல் பாகம். ரெண்டாவது அடுத்த மாசம். அதுல நீங்க வர்றீங்க."

"நான் இன்னாடா பண்ணேன்?"

"வரும்போது பாருங்க."

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டான். திருட்டுப் பயல்.

4-5-2004

என்னை என்ன எழுதியிருப்பான்? போட்டோ கேட்டிருந்தால் ஷேவ் செய்துகொண்டிருப்பேனே.

11-5-2004, செவ்வாய்

வேலூர் ஏஜெண்ட் போன் செய்தான். பத்துக் காப்பிக்குக் கம்மியாகப் போகிற ஊருக்கு ஜூனிலிருந்து பார்சல் கிடையாதாம். "வேலூர்லயே ரெண்டுதான் போவுது பெரியவரே. நீங்களும் இல்லன்னா ஜில்லாவுக்கே நிறுத்திடுவேன்" என்றான். தபாலில் சந்தா கட்டுவதையும் போன வருஷமே எடுத்துவிட்டார்கள்.

டைட்டஸிடம் சொன்னேன். முகம் சப்பென்று ஆகிவிட்டது. "ரெண்டாம் பாகம் வர்ற மாசமா பெரிப்பா?" என்றான். அவ்வளவுதான். கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி ரெனிட்டா வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸு, அவள் வார்டில் முதல் பாகத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம்.

ஜியாவுதீனிடம் போனேன். பார்லரை மூடிவிட்டு அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார்.

"பாய், ஒரு காப்பிக்குச் சொல்லு."

"எல்லாம் நெட்ல சும்மாவே கெடைக்குது பெரியவரே. ஆனா ஒண்ணு. அந்தப் புக்கைப் பிரிச்சா ஒரு வாசனை வரும் பாருங்க, அது வராது."

சுற்றிலும் தோல் பதனிடுகிற ஷாப்பு. காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பொத்துகிறது. இவருக்குப் புஸ்தக வாசனை கேட்கிறதாம்!

இன்னும் பதினேழு பேரிடம் போனேன். எல்லோரும் அழாத குறை. ஒருத்தனும் வாங்கவில்லை.

14-5-2004, வெள்ளி

எனக்கு ஒரு யோசனை வந்தது. இவர்களுக்கு அழத்தானே பிடிக்கிறது? முறையாக அழட்டும்.

அந்தோணி பிரஸ்ஸுக்குப் போனேன். கல்யாணம், கட்சி, சாவு, ஊரில் எந்தப் போஸ்டரும் அவனுடையதுதான். அவன் சாப்பிடப் போயிருந்தான். மேஜையில் சீட்டு எழுதி வைத்தேன். "கண்ணீர் அஞ்சலி. பெயர் ஜாய்பேட். தோற்றம் 1998. மறைவு 2004. படம் இந்தப் புத்தகத்தில் உள்ளது. மீளாத் துயரில் வாடும் பழைய வாசகர்கள்" என்று போட்டு, கீழே ஜியாவுதீனிலிருந்து பதினெட்டுப் பேரையும் வரிசையாக எழுதினேன். இந்த மாசப் புஸ்தகத்தை மேலே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அந்தோணி போன் செய்தான். "சீட்டு பாத்தேண்ணே, விடியறதுக்குள்ள ஒட்டிடுவோம்" என்று ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

நாளைக்குப் பதினெட்டுப் பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஆர்டர் கொடுப்பார்கள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

15-5-2004, சனி

ஐயோ.

நான் படம் என்று சொன்னது அட்டைப் படத்தை. அந்தப் பேமானி அந்தோணி உள்ளே பிரித்துப் பார்த்திருக்கிறான். நான் முனை மடித்து வைத்திருந்த பக்கம், அதில் மீசை வைத்த ஆள், கூடவே பேர். கண்ணீர் அஞ்சலி என்றால் ஆள்தானே செத்திருக்கணும்? புஸ்தகத்துக்கா போஸ்டர் அடிப்பார்கள்? பெரிய வட்டத்துக்குள் டைட்டஸ் முகம். கீழே "டைட்டஸ் (எ) ஜாய்பேட்". அந்தோணிக்கு அது பட்டப்பெயராம். தோற்றம் 1998, மறைவு 2004. மீசை வைத்த ஆறு வயசுப் பிள்ளை! அதையாவது பார்த்திருக்க வேண்டாமா?

சாவு போஸ்டருக்கு ப்ரூஃப் காட்டுகிற வழக்கமில்லை. பிணம் காத்திருக்காது என்று ராத்திரியே அடித்து ராத்திரியே ஒட்டிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு, தாலுக்கா ஆபீஸ், வேலூர் ரோட்டில் மாதனூர் வரைக்கும் ஒட்டியிருக்கிறான்.

டைட்டஸ் இன்று கடைப் பக்கம் வராமல் ஆறரைக்குப் புதுக்கோவிந்தாபுரத்து முனையிலேயே பஸ் ஏறிவிட்டான். ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் இருந்த தையல் செக்‌ஷன் பெண்கள் போஸ்டரைப் பார்த்து அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். இவன் "குட்மார்னிங்" என்று ஏறியிருக்கிறான். இரண்டு பேருக்கு மயக்கமாம். இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். எழுதுகிறேனே, மறைப்பானேன். சிரித்தேன்.

ஒன்பது மணிக்கு வேலூர் பஸ்ஸிலிருந்து ரெனிட்டா இறங்கினாள். நைட் டூட்டி யூனிஃபார்ம். ஒரு காலில்தான் செருப்பு. உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊரில் அந்தப் பிள்ளை ஒரு காலைத் தார் ரோட்டில் வைத்து என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரிப்பா, எங்க வெச்சிருக்காங்க?"

எனக்கு வாய் கொழறிப்போச்சு. எழுபது வருஷமா ஓயாத வாய். இல்லம்மா, அவன் நல்லாக்கீறான், கம்பெனில கீறான், நான்தாம்மா, நான்தான்னு என்னென்னவோ உளறினேன். அவளுக்கு ஒண்ணும் ஏறல. எஸ்டிடி பூத்துலருந்து கம்பெனிக்கு போன் போட்டு அவன் குரல கேக்க வெச்சேன். கேட்டுட்டு ரிசீவரை வெச்சா. என்னை ஒரு பார்வை பார்த்தா. அடிச்சிருந்தா தேவலை.

16-5-2004, ஞாயிறு

கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. போதகர் நாவடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முக்கால் மணி நேரம். என்னைப் பார்த்தே.

18-5-2004

டைட்டஸ் கடைக்கு வரவில்லை. எதிர்ப் பக்கம் நின்று பஸ் ஏறுகிறான். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

இன்னொரு கூத்து. அன்றைக்குப் போஸ்டரைப் பார்த்து மாலையோடு வந்த கூட்டம் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கடையில் நின்றது. அங்கேயே ஒருத்தருக்கொருத்தர் டைட்டஸ் எழுதினதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யார் எந்த மெஷினில் ஆடினார்கள், யார் யாரை ஜெயித்தார்கள். கடைசியில் ஆளாளுக்கு ஜூன் இதழுக்குப் பேர் கொடுத்தார்கள். இருபத்து மூன்று! உயிரோடு இருக்கிறவன் எழுதினால் வாங்கமாட்டார்கள். செத்தான் என்றால்தான் இலக்கியம்.

வேலூருக்கு போன் செய்து இருபத்தைந்து சொன்னேன். அவன் என் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தான்.

2-6-2004, புதன்

பார்சல் வந்தது. எதிர்ப் பக்கம் கைகாட்டினேன். டைட்டஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு வந்தான். என்னோடு பேசவில்லை. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.

இல்லை.

முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஒன்று போட்டிருந்தது. அதை எனக்குத் தமிழில் சொன்னான். இதுவே கடைசி இதழ். பக்கம் குறைந்ததால் வாசகர்கள் எழுதியவை இனி இணையதளத்தில் வரும். ஆதரவுக்கு நன்றி.

"பரவால்ல பெரிப்பா" என்றான். பதினெட்டு நாள் கழித்து அந்த ஒரு சொல். அதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புஸ்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைத்தான் பாருங்கள், மூலை மடங்காமல், அவ்வளவு பதனமாக. எனக்குப் பம்பாய்க்காரன்மேல் கொலைவெறி வந்தது.

3-6-2004, வியாழன்

ஜியாவுதீனின் பிரவுசிங் சென்டருக்குள் முதல் தடவையாகப் போனேன். செருப்பை வெளியே விடச் சொல்கிறார், மசூதி மாதிரி.

"டைட்டஸ் எழுதினது உள்ள கீதாம். எடுத்துக் குடு பாய்."

தட்டினார். வந்தது. எட்டுப் பக்கம். படித்துக்கொண்டே போனவர் திடீரென்று கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"இன்னா பாய்?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. தும்மல்."

பிரின்ட் எடுத்து, இருபத்தைந்து செட் ஜெராக்ஸ் போட்டேன். கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு புஸ்தகத்தின் பின்னாலும் என் கையாலேயே பின் அடித்தேன். பம்பாயில் இல்லை, டெல்லியில் இல்லை, ஜாய்பேட் கடைசி இதழ் முழுசாக இருப்பது ஆம்பூரில் மட்டும்தான். டைட்டஸுக்கு முதல் காப்பி கொடுத்தேன். பின்னைத் தடவிப் பார்த்தான். "ரெனிட்டாகிட்ட நான் பேசறேன் பெரிப்பா" என்றான்.

5-6-2004, சனி

இருபத்து மூன்றும் போய்விட்டது. வாங்கினவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பாசம்தான்.

7-6-2004, திங்கள்

பாசம் இல்லை.

கம்பெனி பஸ்ஸே ஜன்னல் வழியாகச் சிரித்தது. டைட்டஸைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். சொன்னான். பார்லரில் நான் தினமும் சாயங்காலம் கார் ரேஸ் மெஷினில் ஆடுவேன். ஒரு நாளும் தோற்றதில்லை. ஊரில் பாதிப் பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அந்த மெஷினில் காசு போட்டால்தான் ஆட்டமாம். போடாவிட்டால் ஆசை காட்டுவதற்காக அதுவே கார் ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்குமாம். நான் மூன்று வருஷம் வெறும் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறேன்.

இதை இருபத்தைந்து ஜெராக்ஸ் எடுத்து, என் கையாலேயே பின் அடித்து, என் வாயாலேயே கூவி விற்றிருக்கிறேன்.

"போஸ்டருக்கு இதுவே கம்மிதான்" என்று ரெனிட்டா சொன்னாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாளா என்று மூன்று தடவை கேட்டேன்.

9-9-2007, ஞாயிறு

பெங்களூரிலிருந்து ஒருத்தர் வந்தார். முப்பது வயசு, முதுகில் கம்ப்யூட்டர் பை. ஜாய்பேட் பழைய வாசகர்கள் இன்டர்நெட்டில் கூட்டம் போட்டு அழுகிறார்களாம். அந்த இணையதளத்தையும் மூடிவிட்டார்களாம். ரெண்டாம் பாகம் இப்போது என் பின் அடித்த காப்பியில்தான் இருக்கிறதாம். ஊரில் எல்லோரையும் கேட்டுவிட்டார். வீடு மாறும்போது போனது, எடைக்குப் போனது. டைட்டஸ் தன்னுடையதைத் தரமாட்டேன் என்று சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறான், போக்கிரி.

எடுத்துக் காட்டினேன்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கறீங்க. அப்புறம் எதுக்குத் தாத்தா வெச்சிருக்கீங்க?"

"தெரிஞ்ச நீங்க எதுக்குத் தூக்கிப் போட்டீங்க?"

பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. படித்துத் தமிழில் சொன்னால் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். படித்தார். ஸ்டியரிங் கதைக்கு என் எதிரிலேயே சிரித்தார். அதற்குப் பிறகும் கடைசியில் நாலு வரி இருந்தது. அதை எனக்கு ஒருத்தனும் சொன்னதில்லை.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் அந்த மெஷினில் நாங்கள் யாரும் காசு போடமாட்டோம். போட்டால் நிஜ ஆட்டம் ஆரம்பித்து அவர் தோற்றுவிடுவார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது அவருக்கு. ஜியாவுதீன் பாயும் ஒன்றும் சொல்லமாட்டார்.

"தாத்தா, எனக்குப் பஸ் வந்திடுச்சு" என்றார்.

"அடுத்தது நாலரைக்குக் கீது. உக்காருங்க. அந்த எடத்த இன்னொரு தபா படிங்க."