டகோட்டாவுக்கு மேலே மூன்று புள்ளிகள்

செங்கல்பட்டு,
9 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெபக்குமாருக்கு,

அமீர் எழுதுகிறேன். இங்கே நானும் ஷஃபானாவும் பிள்ளையும் நலம். நீ நலமா என்று கேட்கலாம். எந்த ஊரில் நலமா என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். இந்தக் கடிதத்தை இங்கிலாந்துக்கு அனுப்பவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே நீ வேலை செய்யும் விடுதியில், வாசல் காவலுக்கு இருக்கும் முனிசாமி அண்ணனிடம் கொடுக்கப்போகிறேன். உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

யாரும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ எடுத்த படம்தான் காட்டிக்கொடுத்தது.

தை மாதம் நீ இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் உன்னை வழியனுப்பியவன் நான். பழைய விமானங்களைப் பழுது பார்த்துப் பறக்கவிடும் பட்டறையில் வேலை என்றாய். நம் இரண்டு பேருக்கும் அதைவிடப் பெரிய வேலை ஏது? ஞாயிறு தோறும் படம் வந்தது. என்ன விமானம், எந்த வருடத்தது என்று நான் சொல்ல வேண்டும். அங்கே போயும் நம் பழக்கத்தை நீ விடவில்லை என்று ஷஃபானாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம்தான் முதல் உறுத்தல். மஞ்சள் நிற டைகர் மாத் விமானம் ஒன்றின் படத்தை அனுப்பி, இன்று காலை எடுத்தது என்றாய். அதன் பதிவு எண்ணை வைத்துத் தேடினேன். அதை வைத்திருப்பவர் போன வருடமே சிவப்பு அடித்துவிட்டார். உன்னிடம் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு உன் படங்களை ரசிக்க முடியவில்லை, சோதிக்கத்தான் முடிந்தது.

உன் கேமராவுக்குள் தூசி ஒட்டியிருக்கிறது அல்லவா? வெறும் வானத்தை எடுத்தால் வலது மேல் மூலையில் பெரிய புள்ளி ஒன்று, அதை ஒட்டிச் சின்னப் புள்ளிகள் இரண்டு விழும். கொண்டுவா, துடைத்துத் தருகிறேன் என்று கண்ணாடிக் கடைக்காரன் நான் எத்தனையோ முறை கேட்டும் நீ கொடுக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த படம் ஒன்றில்கூட அந்தப் புள்ளிகள் இல்லை. எல்லாம் அடுத்தவர் எடுத்தவை.

என் புத்தி எங்கெங்கோ போனது. வேறு குடும்பம் வைத்துக்கொண்டாயா, போலீஸ் வம்பா, உடம்புக்கு ஏதாவதா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அப்புறம் ஒரு குரல் செய்தி வரும், வேலை அதிகம் என்று.

அந்தச் சமயத்தில்தான் ரூத் உங்கள் சின்னவளுக்குக் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தாள். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அவரு பேசுறப்ப பின்னால காக்கா கத்துது. நம்ம ஊரு காக்கா மாதிரியே கீது. அங்கயும் காக்கா உண்டா?"

உண்டு என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டது காக்காயைப் பற்றியா? கண்ணாடியை வாங்க மறுபடி வந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சேந்துகினு இன்னாத்தயோ மறைக்கிறீங்க" என்றாள். உன்னால் நானும் அவள் சந்தேகத்தில் விழுந்தேன்.

போன வாரம் விமானப்படை விழாவுக்கு ஒத்திகை நடந்ததே, அந்தப் பழைய டகோட்டா விமானம் வருகிறது என்று கடையைச் சாத்திவிட்டுக் கோவளத்துக்கு ஓடினேன். கூட்டத்தில் ஒரு படமும் தேறவில்லை. சாயங்காலம் விமானப் படம் பகிரும் நம் வாட்ஸ்அப் குழுவில் 'கடல் ஆலா' என்ற பெயரில் யாரோ ஒரு டகோட்டா படம் போட்டிருந்தார். பின்வாங்கிச் சாயும் இறக்கையின் முன்விளிம்பு, வட்டமான வால், வரிசையாகச் சன்னல்கள், அத்தனை தெளிவு. பாராட்டி எழுதப் போனேன். வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள்.

நீ இங்கேதான் இருக்கிறாய் என்பது அப்படித்தான் தெரிந்தது. படத்தின் அடியில் சவுக்குத் தோப்பு, மாடிக் கொடியில் காயும் வெள்ளை விரிப்புகள், தூரத்தில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். ஏதோ ஒரு விடுதியின் மாடி என்று புரிந்தது. ஈசிஆர் கடற்கரைச் சாலையில் வண்டியை மெல்ல விட்டு ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் திருடன் என்று நினைத்து விரட்டினார்கள்.

உன் விடுதியில் முனிசாமி அண்ணனிடம் உன் படத்தைக் காட்டினேன். "நம்ம குமாரு. சலவ ரூம்ல கீறாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு? அவரத் தேடி யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லிகினு இருந்தாரே."

உள்ளே வந்தேன். இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. பாதி மடித்த விரிப்பு மேசையில் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. என்னைப் பார்த்துதான் ஓடினாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஏன் என்று கேட்டு எழுதவில்லை. ரூத் இந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி வேலையை விடப்போகிறாள். குடும்பத்தோடு கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நீதானே சொன்னாய்? பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவள் ராஜினாமா எழுதிக் கொடுப்பதற்குள் நீ போய் நிற்க வேண்டும். என் வாயால் அவளுக்குத் தெரிய வேண்டாம். அல்லாஹ் உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உன்னைத் தேடி வந்தவன்,
அமீர்


சிங்கப்பெருமாள் கோயில்,
4 நவம்பர் 2024

அன்புள்ள அமீர் அண்ணனுக்கு ரூத்தின் ஸ்தோத்திரம்.

அண்ணியையும் பிள்ளையையும் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். போனில் பேசியிருக்கலாம். அவர் வேலைக்குப் போய்வரும் நேரம் போக என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அதனால் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், வேலையை விடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் நிற்கிறார். பெட்டி இல்லை, தோளில் கேமரா மட்டும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, "ரூத்து, நான் ரொம்ப நாளா இங்கதான் கீறேன்" என்றார்.

போனது உண்மைதானாம். சொன்ன விலாசத்தில் பட்டறையே இல்லையாம். ஏஜெண்டு போனை எடுக்கவில்லை. கிடைத்த கூலி வேலை செய்து பயணச் செலவு சேர்த்து சித்திரையில் திரும்பிவிட்டார். சபையே கூடி ஜெபித்து அனுப்பியதே, எந்த முகத்தோடு வருவேன் என்றார். நான் அழவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி முத்திரைகளைப் பார்த்தேன். சொன்னதோடு பொருந்தியது. அப்புறம்தான் சோறு போட்டேன்.

இப்போதும் அந்த விடுதிக்கே பஸ்ஸில் போய்வருகிறார். அக்கம்பக்கத்தில், அங்கத்திய குளிர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டார் என்று நானே சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தையும் காட்டினார். உங்களைத் தப்பாகப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பெங்களூரில் பழைய விமானம் ஒன்று டிசம்பரில் பறக்கிறதாம். உங்களோடு போய் எடுத்துவருகிறேன் என்கிறார். பிள்ளைகள் எதிரில் மறுக்க மனம் வரவில்லை, போகச் சொல்லிவிட்டேன்.

அண்ணா, அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் உங்களோடுதான் இருக்கிறார் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் கேட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

தங்கை,
ரூத்